கடற்கரைப் பறவைகள்: துரத்தாமல் படம் எடுக்க

குளிர்காலத்தில் கடற்கரைப் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், எந்த லென்ஸ் என்று யோசிப்பதற்கு முன்னால் ஓத நேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். நீர் ஏற ஏற, தூரத்துச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் உள்ளான் பறவைகள் தாமாகவே கரைப் பக்கம் ஒதுங்கி வரும். அதனால் நீங்கள் திரும்பும் வழி மூழ்காத இடமாகப் பார்த்து, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்து, கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்கிக் காத்திருந்தால் போதும். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வையுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், கலங்கிய படத்துக்குப் புள்ளி விழுந்த படம் எவ்வளவோ மேல். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்க்கிறதா? அங்கேயே நின்றுவிடுங்கள், குளிரில் அது வீணாகப் பறந்தால் சேர்த்துவைத்த கொழுப்புதான் கரையும். அப்புறம், மாற்று பேட்டரி சட்டையின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.