வி-ட்வின் வண்டியை எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுவது? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வி-ட்வின் வண்டி, அதாவது இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த இன்ஜின் உள்ள பைக், முதன்முறையாகக் கைக்கு வரும்போது பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘பெரிய இன்ஜின், எந்த வேகத்திலும் இழுக்கும்’ என்று கேள்விப்பட்டதை நம்பி, ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே கடைசி கியருக்குப் போய்விடுகிறார்கள். அல்லது 150 சிசி வண்டியில் பழகிய கையோடு ஒவ்வொரு கியரையும் கத்த விட்டு, நடுக்கம் தாங்காமல் வண்டியைக் குறை சொல்கிறார்கள். முதலாவது இன்ஜினுக்குக் கெடுதல், இரண்டாவது ஓட்டுநருக்கு அலுப்பு. என் கணிப்பில் முதல் வகையினரே அதிகம். அவர்கள் இன்ஜினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பழக்கம் எளிதில் போவதும் இல்லை.

ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கையில், ஒவ்வொரு வி-ட்வினுக்கும் கீழே ஓர் எல்லையும் மேலே ஓர் எல்லையும் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்டதே சுகமாக ஓட்டக்கூடிய பகுதி. எந்த இணையப் பட்டியலையும் நம்பாமல் இந்த இரண்டு எல்லைகளையும் உங்கள் வண்டியில் நீங்களே கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: உங்கள் இன்ஜின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வி-ட்வின் என்ற ஒரே பெயரில் வேறு வேறு குணமுள்ள இன்ஜின்கள் இருக்கின்றன. ஹார்லி-டேவிட்சனின் மில்வாக்கி-எய்ட் போன்ற பெரிய இன்ஜின்களில் இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 45 பாகை கோணம். பிஸ்டன்களிலிருந்து வரும் இரண்டு கனெக்டிங் ராடுகளும் கிராங்க் என்ற சுழல்தண்டில் ஒரே பின்னை (pin) பிடித்திருக்கும். அதனால் ஒரு சிலிண்டர் வெடித்து 315 பாகை சுற்றிய பின் அடுத்தது வெடிக்கும், அதற்குப் பிறகு 405 பாகை சுற்றிய பின்பே முதல் சிலிண்டரின் முறை மீண்டும் வரும். சுசுகியின் எஸ்வி650, வி-ஸ்ட்ராம் 650, டுகாட்டியின் ஸ்க்ராம்ப்ளர் 800 போன்றவற்றில் கோணம் 90 பாகை. அவற்றில் இந்த இடைவெளிகள் 270, 450 என்று இன்னும் ஏறுமாறாக இருக்கும்.

இதை நேரக் கணக்கில் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். 1500 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 40 மில்லிசெகண்டு ஆகிறது. அந்த வேகத்தில் 45 பாகை இன்ஜினின் வெடிப்புகள் 35, 45 மில்லிசெகண்டு இடைவெளிகளில் மாறி மாறி வரும். 90 பாகை இன்ஜினில் அதே இடைவெளிகள் 30, 50 மில்லிசெகண்டு. 3000 ஆர்பிஎம்முக்குப் போனால் எல்லாம் பாதியாகிவிடும். இடைவெளி நீளும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி உதையாகச் செயினுக்கோ பெல்ட்டுக்கோ போய்ச் சேர்கிறது; அது சுருங்கும்போது உதைகள் ஒன்றோடொன்று கலந்து சீரான இழுவையாகின்றன.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. நடுக்கம் வேறு, இடிப்பு வேறு: இன்ஜினின் அதிர்வு நடுக்கம், வெடிப்புகள் தனித்தனி உதையாக வருவது இடிப்பு. 90 பாகை இன்ஜினில் பிஸ்டன்களின் முதன்மை அதிர்வைக் கிராங்கின் எதிர் எடையே சமன்செய்துவிடுவதால் நடுக்கம் குறைவு. ஆனால் சுழலும் பாகங்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை என்பதால் குறைந்த ஆர்பிஎம்மில் அது இடிக்கும். 45 பாகை ஹார்லியோ நின்ற இடத்திலேயே ஆடும், ஆனால் அதன் கனமான ஃப்ளைவீல் என்ற சுழல்சக்கரம் இரண்டு வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். பொதுவாகக் கீழ் எல்லையை இடிப்பும் மேல் எல்லையை நடுக்கமும் தீர்மானிக்கின்றன.

அடுத்து உங்கள் வண்டியின் கையேட்டிலோ தொழில்நுட்ப விவரப் பட்டியலிலோ டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) எந்த ஆர்பிஎம்மில் உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். 2017 மாடல்களோடு வந்த ஹார்லியின் 1746 சிசி மில்வாக்கி-எய்ட் 107 இன்ஜினில் அது 3000 முதல் 3250 வரை. சிவப்புக் கோடு, அதாவது தாண்டக்கூடாத உச்ச ஆர்பிஎம், 5500. வி-ஸ்ட்ராம் 650இன் 645 சிசி இன்ஜினில் 62 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 6500இல். 803 சிசி ஸ்க்ராம்ப்ளரில் 5750. ஆகவே 2500 ஆர்பிஎம் என்பது முதல் வண்டிக்கு நிம்மதியான ஓட்டம், இரண்டாவதற்கு முக்கல். ‘வி-ட்வின்னை இத்தனை ஆர்பிஎம்மில் ஓட்ட வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லப்படும் எந்த எண்ணையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை.

இரண்டாம் படி: எந்த வேகத்தில் எத்தனை ஆர்பிஎம் என்று கணக்கிடுங்கள்

நெடுந்தூரம் நிதானமாக ஓட்டுவதற்கான க்ரூசர் வகைகள் பலவற்றில் ஆர்பிஎம் மீட்டர் இருக்காது. ஹரியானாவின் பாவலில் தயாராகி 2014 முதல் இந்தியாவில் விற்ற ஹார்லி ஸ்ட்ரீட் 750இலும் வேகமானி மட்டும்தான் இருந்தது. அதைப் பழைய வண்டியாக வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும்.

பிரைமரி விகிதம் (இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் இடைப்பட்டது), கியர் விகிதம், செயின் அல்லது பெல்ட் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அந்த கியரின் மொத்த விகிதம் கிடைக்கும். சில கையேடுகளில் பெருக்கிய எண்ணே அச்சாகியிருக்கும். பின் டயரின் சுற்றளவுக்கு, டயரில் சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டு, நீங்கள் வண்டிமேல் உட்கார்ந்த நிலையில் ஒரு முழுச் சுற்று நகர்த்தித் தரையில் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பெரிய வண்டிகளில் அது 2 மீட்டரை ஒட்டி வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடைசி கியரின் மொத்த விகிதம் 2.8 என்று கொள்வோம். ஹார்லியின் ஆறு கியர் டூரிங் வண்டிகள் இதை ஒட்டியே இருக்கும். மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1667 மீட்டர். அதை 2ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 833 சுற்று, 2.8ஆல் பெருக்கினால் சுமார் 2330 ஆர்பிஎம். ஒரு கியரில் ஓர் எண் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் நேர் விகிதம்தான்: 80இல் சுமார் 1870, 60இல் 1400. அறுபதில் ஆறாவது கியரைப் போட்டு ஓட்டுகிறவரின் இன்ஜின் என்ன பாடுபடுகிறது என்பதை இந்த 1400 சொல்லிவிடும். ஆறாவது கியர் நெடுஞ்சாலையில் ஓய்வாக ஓடுவதற்காக வைக்கப்பட்டது, ஊருக்குள் அதை மறந்துவிடலாம்.

எல்லாக் கியர்களுக்கும் கணக்கிட்டு, ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் மனப்பாடமாகிவிடும், பிறகு பிய்த்துவிடலாம்.

மூன்றாம் படி: கீழ் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

இந்தச் செய்முறையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, போக்குவரத்து இல்லாத, சமதளமான, நேரான சாலையைத் தேர்ந்தெடுங்கள். நான்காவது கியரில் கணக்குப்படி 3000 ஆர்பிஎம் வரும் வேகத்துக்குப் போய், ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடாமல் மெதுவாகத் தளர்த்தி, வேகம் தானாகக் குறைய விடுங்கள். 90 பாகை இன்ஜினானால் 4000இலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு 200, 300 ஆர்பிஎம் குறைவுக்கும் ஒருமுறை ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி அளவுக்கு, வெடுக்கென்று இல்லாமல், திருகிப் பாருங்கள்.

வண்டி உடனே, சத்தமில்லாமல் முன்னே நகர்ந்தால் இன்னும் எல்லைக்குள் இருக்கிறீர்கள். ஓரிடத்தில் பதில் மாறும். ஆக்ஸிலேட்டரைத் திருகியும் வேகம் ஏறாமல் ‘தொம், தொம்’ என்ற கனத்த ஓசை மட்டும் கூடும், செயின் உதறுவது கால்மிதி வழியாகப் பாதத்துக்குத் தெரியும், சீட் முன்னும் பின்னும் தள்ளுவதுபோல் இருக்கும். அந்த ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு உடனே கியரைக் குறையுங்கள். அங்கேயே நின்று சோதனையைத் தொடர வேண்டாம். கிணுகிணுவென்று உலோகம் தட்டும் நாக்கிங் ஓசை கேட்டால் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டீர்கள் என்று பொருள்.

குறித்த எண்ணோடு 300ஐக் கூட்டி, அதை உங்கள் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஹார்லிகளில் இது பெரும்பாலும் 2000ஐ ஒட்டியும், 650 சிசி 90 பாகை இன்ஜின்களில் 3000ஐ ஒட்டியும் வரும். முதல், இரண்டாம் கியர்களில் இதைவிடக் குறைந்த ஆர்பிஎம்மிலும் வண்டி முனகாமல் ஓடும், ஏனெனில் அங்கே இன்ஜின்மீது விழும் சுமை குறைவு.

எல்லைக்குக் கீழே ஏன் ஓட்டக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மேட்டில் சைக்கிளைக் கடைசிப் பல்லில் வைத்து மிதித்தால் முழங்காலுக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கே கிராங்குக்கும் பேரிங்குகளுக்கும் ஆகிறது: சுற்று குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் விழும் அழுத்தம் அதிகம். ஆயில் பம்ப்பும் இன்ஜினால்தான் ஓடுகிறது என்பதால், பேரிங்குகளுக்கு எண்ணெய் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அதன் ஓட்டம் குறைந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் திறந்து வைத்துக்கொண்டு 1800இல் சமதளத்தில் மிதப்பதில் பெரிய கெடுதல் இல்லை; அதே 1800இல் முழுக்கத் திருகி மேடு ஏறுவதுதான் கெடுதல்.

நான்காம் படி: மேல் எல்லை

இது சுலபம். ஒரே கியரில் வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு நிமிடம் நிலையாக ஓட்டுங்கள். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் கலங்கலாகத் தெரியத் தொடங்கும் இடத்தையும், கைப்பிடியில் பொடி நடுக்கம் ஏறும் இடத்தையும் கவனியுங்கள். சில வண்டிகளில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் நடுக்கம் கூடி, அதைத் தாண்டியதும் அடங்கிவிடும். அந்தப் பட்டையைக் கடக்கலாம், அதில் தங்கக்கூடாது. இந்த மேல் எல்லை நீண்ட நேரம் ஓட்டுவதற்கு மட்டுமே உரியது. முந்திச் செல்லும்போது சிவப்புக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், இன்ஜின் அதற்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் படி: கியர் மாற்றும் புள்ளியை முடிவுசெய்யுங்கள்

கியரை எப்போது மேலே மாற்றுவது என்ற கேள்விக்கு, மாற்றிய பிறகு ஆர்பிஎம் எங்கே வந்து விழுகிறது என்பதே விடை. ஐந்தாவது கியரின் விகிதம் 1.2, ஆறாவதன் விகிதம் 1.0 என்றால், 2600இல் மாற்றும்போது 2170இல் வந்து விழும். உங்கள் கீழ் எல்லை 2000 என்றால் சரி. 2300இல் மாற்றினால் 1920; அது ஆகாது. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கிட்டு, விழும் இடம் கீழ் எல்லைக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் கியர்களுக்கு இடையே விகித வேறுபாடு அதிகம் என்பதால், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது சற்றுக் கூடுதலாக ஏற விட வேண்டியிருக்கும்.

வேகம் குறையும்போதும் இதே கணக்குத்தான். வேகத்தடையைப் பார்த்து பிரேக் பிடிக்கும்போதே கியரையும் ஒவ்வொன்றாக இறக்கிவிடுங்கள். பெரிய வி-ட்வின்களில் இன்ஜின் பிரேக்கிங் பலமாக இருக்கும். ஆகவே கிளட்ச்சை வெடுக்கென்று விடாமல், ஆக்ஸிலேட்டரை ஒரு சிறு தட்டுத் தட்டி ஆர்பிஎம்மை ஏற்றிக்கொண்டு விட்டால் பின்சக்கரம் துள்ளாது.

சாலையில் பயன்படுத்தும்போது

மலைப்பாதையில் கீழ் எல்லையோடு 500 கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தாலும் அப்படியே. கொண்டையூசி வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவின் நடுவே இன்ஜின் திணறினால் வண்டியைச் சாய்த்தபடி கிளட்ச்சைத் தேட வேண்டிவரும்.

லாரியை முந்தும்போது இருக்கும் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிக் காத்திருக்காதீர்கள். ஒரு கியர் குறைத்து டார்க் உச்சத்தை ஒட்டிய ஆர்பிஎம்முக்கு வந்த பிறகு முந்தத் தொடங்குங்கள். 2200இல் இருக்கும் மில்வாக்கி-எய்ட்டுக்கு ஒரு கியர், 4000இல் இருக்கும் வி-ஸ்ட்ராமுக்குச் சில நேரம் இரண்டு கியர்.

நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது எல்லைகளைப் பற்றிய கவலை வேண்டாம். முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி நகருங்கள். காற்றால் குளிரும் இன்ஜின்களில் பின் சிலிண்டருக்குக் காற்று குறைவாகவே கிடைப்பதால் தொடையில் சூடு அடிக்கும். சூடேறி நிற்கும்போது பின் சிலிண்டரை நிறுத்திவிடும் அமைப்பு ஹார்லியின் சில மாடல்களில் உண்டு. சிக்னலில் திடீரென ஓசை மாறினால் வண்டி பழுதாகிவிட்டதாக எண்ண வேண்டாம்.

புதிய வண்டியானால் இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடுங்கள். முதல் 80 கி.மீ. வரை எந்தக் கியரிலும் 3000 ஆர்பிஎம்மைத் தாண்டக்கூடாது என்றும், 800 கி.மீ. வரை 3500க்குள் வைத்து, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஆர்பிஎம்மை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் ஹார்லியின் கையேடு சொல்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் முக்க விடக்கூடாது என்பதையும் அதே இடத்தில் சேர்த்தே சொல்கிறது. மற்ற நிறுவனங்களின் எண்கள் வேறுபடும் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியிலும், காலையில் இன்ஜின் சூடேறும் வரை டார்க் உச்சத்துக்குக் கீழேயே, ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் திருகாமல் ஓட்டுங்கள்.