வட சென்னையை ஓடாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சென்னைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மெரினாவில் கால் நனைத்து, தி.நகரில் துணி எடுத்து, மகாபலிபுரம் போய்விட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். இந்த நகரம் பிறந்து வளர்ந்த பகுதி சென்ட்ரலுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்படும் சிலரும் ஒரே நாளில் பத்து இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்து, உச்சி வெயிலில் பாரிமுனை சிக்னலில் நின்று தவிப்பார்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். வெளியூரிலிருந்து வரும் சித்தப்பா, மாமா வீட்டார் எல்லோருக்கும் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கணக்கு: சனி மதியம் வந்து, திங்கள் இரவு கிளம்புவது.

படி 1: மாதமும் கிழமையும்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிட்டால் ஆட்டோக்காரர்களே வர மறுப்பார்கள். ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் களையிழந்து கிடக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள்.

ஏன் சனி, ஞாயிறு, திங்கள்? புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறன்று ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் தெருவில் நடக்க இடம் கிடைக்கும். காசிமேட்டில் அதே ஞாயிறுதான் ஊரே திரண்டு மீன் வாங்கும் நாள். திங்கள் விடியலில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

படி 2: தங்குமிடம்

சென்ட்ரல், பெரியமேடு, எழும்பூர் இந்த மூன்றில் எங்கே கிடைத்தாலும் சரி. விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை போகும் மெட்ரோவின் நீல வழித்தடம் சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று நாம் பார்க்கப் போகும் இடங்களைக் கோர்த்துக்கொண்டு போகிறது. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே உள்ள பகுதி 2021இல் திறந்தது. அதற்கு முன் திருவொற்றியூர் போவதே அரை நாள் வேலை. பெரியவர்களோடு வந்தால் மெட்ரோ இரட்டிப்பு உதவி: லிஃப்ட் உண்டு, கழிப்பறை உண்டு. ஜார்ஜ் டவுன் தெருக்களில் இரண்டாவதைத் தேடி அலைவது பெரும்பாடு. நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரில் வர வேண்டாம். வண்டி நிறுத்த இடம் தேடியே விடுமுறை தீர்ந்துவிடும்.

படி 3: வரைபடத்துக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

மற்ற படிகளில் எதை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள். வட சென்னையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொழுது உண்டு, அந்தப் பொழுது தப்பினால் அங்கே ஒன்றும் இருக்காது. காசிமேட்டின் பரபரப்பு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒன்பது மணிக்குப் போனால் கழுவிவிட்ட தரையும் ஐஸ் பெட்டியும்தான். கோயில்கள் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். சவுகார்பேட்டைத் தின்பண்டக் கடைகள் பொழுது சாய்ந்த பிறகுதான் களைகட்டும். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் மாலைச் சமாச்சாரம்.

அதனால் ஒரு தாளில் இடங்களை எழுதி, பக்கத்தில் விடியல், முற்பகல், மாலை என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். ஒரு பொழுதுக்கு ஒரு பெரிய இடம், போகிற வழியில் இருந்தால் ஒரு சிறிய இடம், அவ்வளவுதான். பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அறையில் தூக்கம். தூக்கத்தை வீண் என்று நினைக்கிறவர்கள்தான் இரண்டாம் நாள் மாலை குழந்தைகளோடு சண்டை போடுவார்கள்.

படி 4: சனி மாலை, மின்ட் தெரு

பழைய பெயர் தங்கசாலைத் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நாணய ஆலை இங்கே இருந்ததால் வந்த பெயர். பார்க் டவுனில் தொடங்கி வடக்கே வண்ணாரப்பேட்டைப் பக்கம் வரை நீளும். முழுவதும் நடக்க வேண்டியதில்லை, சவுகார்பேட்டைப் பகுதி போதும். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களின் கடைகளும் வீடுகளும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஆறரை மணிக்குப் போங்கள். காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய் ஜிலேபியைச் சூடாகத் தின்று, ஒரு பாதாம் பால். தள்ளுவண்டிகளில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும்: இரண்டு வட்ட முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பீட்ரூட், சட்னி. நிற்கும் இடத்திலேயே தின்றுவிட வேண்டும், நமத்துப் போனால் அதில் ஒன்றுமில்லை. சாட் வகைகள் ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு நடந்து வந்து சீனா பாய் கடையில் நெய் ஊத்தப்பம், பொடி இட்லி சாப்பிடலாம். நால்வர் போனால் எதையும் ஒரு தட்டு மட்டும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டால் மிச்சத் தெரு வேடிக்கை மட்டும்தான்.

ஜிபே எங்கும் ஓடும். ஆனாலும் நூறு, ஐம்பது தாள்கள் கையில் இருக்கட்டும், கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்பது எரிச்சல்.

படி 5: ஞாயிறு காலை, ஜார்ஜ் டவுன் நடை

ஏழு மணிக்கு மண்ணடி மெட்ரோவில் இறங்குங்கள். வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள் இருக்க, நம் ஆட்கள் இருந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றார்கள். பின்னாளில் அதற்கு ஐந்தாம் ஜார்ஜின் பெயர் வந்தது. வார நாளில் இங்கே மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியும் மூட்டை தூக்குகிறவர்களும் நம்மை ஓரங்கட்டிவிடுவார்கள். ஞாயிறு காலையில் நிமிர்ந்து மாடிகளைப் பார்க்க முடியும். மரத்தூண், கம்பி வேலைப்பாடு, சுதைப் பூக்கள் எல்லாம் கடைப் பலகைகளுக்கு மேலேதான் மிஞ்சியிருக்கின்றன. கழுத்து வலித்தாலும் மேலே பாருங்கள்.

முதலில் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டதாகக் கோயிலில் குறித்து வைத்திருக்கிறார்கள். பாரதியாரும் பத்திரிகை வேலை பார்த்த காலத்தில் இங்கே வந்து போனவர். சின்னக் கோயில்தான், கூட்டம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் உட்காரலாம்.

அடுத்த தெரு அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியன் தெரு என்றாலும் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கச்சாலீசுவரர் கோயிலும் மாதா கோயிலும் இருக்கிற அதே தெருவில் ஆர்மீனியர் தேவாலயம் நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1772ஆம் ஆண்டினது. சென்னையில் பட்டும் மணியும் விற்றுச் செழித்த ஆர்மீனிய வணிகர்களில் இன்று இங்கே யாரும் இல்லை, அவர்களுடைய கல்லறைப் பலகைகள் முற்றத்தில் தரையோடு தரையாகப் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். உலகிலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794இல் இந்த மதராஸிலிருந்து அச்சிட்டு வெளியிட்டவர் அவர். அவர்கள் நாட்டில்கூட அதற்கு முன் ஒரு பத்திரிகை வந்ததில்லை! மதியத்துக்கு மேல் போனால் கேட் மூடியிருக்கக்கூடும், முற்பகலில் போவதுதான் பத்திரம்.

பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பிடித்து, இராசப்ப செட்டித் தெருவில் உள்ள கந்தகோட்டம். வள்ளலார் சிறுவயதில் பாடியது இந்த முருகனின் முன்னால்தான். அவர் வளர்ந்த ஏழுகிணறு இங்கிருந்து கூப்பிடு தூரம். குளத்தங்கரையில் கொஞ்சம் காற்று வாங்கலாம்.

கடைசியாக உயர் நீதிமன்றம். உள்ளே சுற்ற முடியாது, எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் போதும். 1892இல் திறந்த அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. 1977இல் மெரினாவில் புதியது வந்த பிறகுதான் அதை அணைத்தார்கள். பதினொன்றரைக்கு உயர் நீதிமன்ற மெட்ரோவில் ஏறி அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

படி 6: ஞாயிறு மாலை, திருவொற்றியூர்

திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜர் கோயில் பக்கத்தில்தான். வடிவுடையம்மன் கோயில் என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டுவார்கள். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் இது. பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சுந்தரர் சிவனிடம் கேட்டுக்கொள்ள, சிவனோ சங்கிலியாரின் பக்கம் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். மகிழ மரம் உள்ளே இருக்கிறது. வீட்டுக்காரரை அழைத்துப் போய்க் காட்ட ஏற்ற இடம்.

பௌர்ணமியாக இருந்தால் இதை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். காலையில் மேலூர் திருவுடையம்மன், மதியம் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் பார்க்கக் கூட்டம் அலைமோதும். கோயிலிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. இங்கே கடலில் குளிக்க ஆசைப்படாதீர்கள், கரையெங்கும் பாறாங்கற்கள் கொட்டியிருக்கிறார்கள்.

படி 7: திங்கள் விடியல், காசிமேடு, பிறகு கோட்டை

ஐந்து மணிக்கு ஆட்டோவில் இறங்குங்கள். ரப்பர் செருப்பு போடுங்கள், நல்ல சேலையும் வெள்ளை வேட்டியும் வேண்டாம். கூடை கூடையாகச் சங்கரா, வஞ்சிரம், கடம்பா, இறால் வந்திறங்கும். ஏலம் கூவுகிற வேகம் முதலில் புரியாது. கூடைக்கும் ஏலக்காரருக்கும் நடுவே நிற்காதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், "எடுத்துக்கோண்ணா" என்று அவர்களே மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். அறையில் சமைக்க முடியாதே என்று ஏங்க வேண்டாம்.

திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா வரை போனது. அந்த நாளின் கட்டடம், தூண்களோடு இன்னும் நிற்கிறது. கால் மணி நேரம் போதும்.

குளித்து, சிற்றுண்டி முடித்து, பத்து மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகமும் அங்கேதான் என்பதால் வாசலில் சோதனை இருக்கும், ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் துப்பாக்கி, பீங்கான், கவர்னர்களின் ஓவியம் என்று நிறைய உண்டு. நேரம் குறைவென்றால் 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை மட்டுமாவது பாருங்கள். பக்கத்தில் உள்ள புனித மரியாள் தேவாலயம் 1680இல் கட்டி முடித்தது. ராபர்ட் கிளைவ் 1753இல் கல்யாணம் செய்துகொண்ட இடம்.

படி 8: அத்தோவும் ரயிலும்

அறையைக் காலி செய்த பிறகு பெட்டியைச் சுமந்து திரியாதீர்கள். சென்ட்ரலில் கிளாக் ரூம் இருக்கிறது; பூட்டிய பெட்டியைத்தான் எடுத்துக்கொள்வார்கள், பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். மாலை ஆறு மணிக்குப் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோட்டுக்குப் போங்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அங்கே தள்ளுவண்டிகளில் கிடைக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவதுதான் அத்தோ. கூடவே வாழைத்தண்டு சூப் கேட்காமலே வரும். கீறிய அவித்த முட்டைக்குள் வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்த முட்டை மசாலாவையும் விடாதீர்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைய ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பழவேற்காட்டையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஏரி, படகு, டச்சுக் கல்லறை என்று அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். எட்டரைக்கு மேல் ரயில் என்றால் ஏழே முக்காலுக்காவது அத்தோ கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள்; சென்ட்ரல் பக்கம்தான் என்றாலும் அந்த நேரத்துப் பாரிமுனைப் போக்குவரத்தை நம்ப முடியாது, உயர் நீதிமன்ற நிலையத்திலிருந்து மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம்.