சேர்வராயன் மலையில காப்பி பழத்த வீட்டு வாசல்லயே காய வைக்கிறது எப்படி

இந்த மலையில இருக்குற நம்ம மலையாளி பழங்குடி சனத்துல நெறைய பேருக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர்னு அரபிகா காப்பி இருக்கு, நிழலுக்கு சில்வர் ஓக், அதுல மிளகு கொடி. ஆனா பறிச்ச அன்னைக்கே பழத்த மூட்டை கட்டி வியாபாரி சொன்ன ரேட்டுக்கு குடுத்துடுறோம், மறுநாள் அழுகிடும்னு பயம். எனக்கு அதுதான் மனசு கேக்கல. பழத்தோல உரிக்கிற பல்ப்பர் மெஷின் இல்லாட்டி பரவால்ல, செர்ரியா, அதாவது தோலோட முழுப் பழமா காய வெச்சாலே அவசரமா விக்க வேண்டியதில்ல.

மொதல்ல பறிக்கிறது. கிளைய மொத்தமா உருவாதீங்க. மார்ச், ஏப்ரல் மழைக்கு ஒவ்வொரு தடவயா பூக்குறதால ஒரே கிளையில செவப்பும் இருக்கும் பச்சையும் இருக்கும், அதனால நவம்பர்ல ஆரம்பிச்சு மூணு நாலு தடவ போய் பழுத்தது மட்டும் எடுக்கணும். விரல்ல அமுக்குனா கொட்டை வழுக்கிட்டு வெளிய வரணும், அதான் பக்குவம். கீழ உதிர்ந்ததயும் பொறுக்கிடுங்க, விட்டா காய்த்துளைப்பான் பூச்சி அதுலயே தங்கி அடுத்த வருஷ காய்க்கு ஏறும்.

வந்ததும் தண்ணியில கொட்டுங்க, மெதக்குறது சொத்தை, அத தனியா காய வைங்க.

இனிமேதான் முக்கியமான வேலை. மண் தரையில போடவே கூடாது, மண்வாசம் கொட்டையில ஏறிடும், அப்புறம் எத்தன வறுத்தாலும் போகாது. சிமெண்ட் களமோ தார்ப்பாயோ போதும், ரெண்டு இஞ்ச் கனத்துக்கு மேல போகாம பரப்பி மணிக்கொரு தடவ கிளறி விடணும். இங்க சாயங்காலம் நாலு மணிக்கே பனி எறங்கிடும், அதுக்குள்ள குவிச்சு மூடிடுங்க. எங்க அம்மா ஒரு நாள் மூட மறந்து காலையில பாத்தா அடியில வெள்ளையா பூசணம், அந்த மூட்டைக்கு பாதி ரேட்டுதான் கெடச்சுது.

நல்ல வெயில்ல 12-15 நாள் ஆகும். கையில ஒரு பிடி அள்ளி காதுகிட்ட ஆட்டுங்க, உள்ள கொட்டை கலகலன்னு சத்தம் வரணும், தோல் கருப்பா மொறுமொறுன்னு இருக்கணும். ஈரப்பதம் 11 சதவீதம்கிட்ட நிக்கணும், மீட்டர் யார்கிட்டயாவது இருந்தா ஒரு தடவ பாத்துக்குங்க.

சாக்கு புதுசா இருக்கட்டும், உர சாக்கு வேணாம். பலகை போட்டு செவுத்துல ஒட்டாம அடுக்குங்க, அதே ரூம்ல மிளகு வைக்காதீங்க, காப்பி எந்த வாசத்தயும் இழுத்துக்கும்.