ஊர் நம்பும் இளைஞர் மன்றத்தை நடத்துவது எப்படி?

பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்து நின்றாலும், அதன் கிராமங்களில் இளைஞர் மன்றங்கள் சுமக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு அண்டா தூக்குவதும், பாரதக் கூத்துக்குப் பந்தல் போடுவதும், தை மாதத்தில் எருது விடும் விழாவுக்குத் தடுப்புக் கட்டுவதும், நள்ளிரவில் ரத்தம் வேண்டி வரும் அழைப்புக்கு ஆள் அனுப்புவதும் அந்த இளைஞர்கள்தாம். புதிதாக மன்றம் தொடங்க நினைப்பவர்களுக்கும், பெயர்ப்பலகையோடு நின்றுபோன மன்றத்தை மீண்டும் நடத்த விரும்புபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பல ஊர்களைப் பார்த்ததில் என் மனத்தில் உறுதியாகப் பதிந்தது ஒன்று உண்டு: வசூலித்த பணத்துக்குச் சுணக்கமில்லாமல் கணக்குக் காட்டும் மன்றத்திடமே ஊர் மக்கள் மற்ற பொறுப்புகளையும் நம்பி ஒப்படைக்கிறார்கள்.

முதலில் யார் யார் உறுப்பினர் என்பதைத் தீர்மானியுங்கள். நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் ஊர்த் தெருவுக்கு ஒரு மன்றமும் காலனிக்கு ஒரு மன்றமும் தனித்தனியே இருக்கின்றன. நடிகர் பெயரிலும் கட்சிப் பெயரிலும் வேறு சில பலகைகள் நிற்கின்றன. இவற்றை ஒரே நாளில் ஒன்றாக்கிவிட முடியாது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் பொதுவான வேலைகளான விளையாட்டுத் திடல், ரத்த தானம், படிப்பகம், ஏரி ஆகியவற்றை முதலில் கையில் எடுத்தால், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று வேலை செய்யும் பழக்கம் வந்துவிடும். கோயில் விழாவில் தொடங்கினால் யாருக்கு முதல் மரியாதை என்ற வழக்கு முதலாண்டிலேயே மன்றத்தை உடைத்துவிடும். நிர்வாகிகளில் காலனியைச் சேர்ந்தவர் பெயருக்கு ஒரு துணைச் செயலாளராக மட்டும் இல்லாமல், கையெழுத்து அதிகாரம் உள்ள பதவியில் இருக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

பெண்களைச் சேர்ப்பதற்கு அழைப்பு மட்டும் போதாது. நேரமும் இடமும் ஒத்துவர வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகும் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி, விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். இரவு எட்டு மணிக்கு டீக்கடை வாசலில் கூட்டம் வைத்தால் அவர்களில் ஒருவரும் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வைத்தால் வருவார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் பல ஆண்டுகள் பதிவேடு எழுதிப் பழகிய ஓர் அக்காவைப் பொருளாளராக்கினால் மன்றத்தின் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

பதிவு செய்வது கடினமான வேலை அன்று. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து, துணைவிதிகளை எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவதும் கணக்கைப் பதிவாளருக்குத் தாக்கல் செய்வதும் அதன்பின் கடமையாகின்றன. பல மன்றங்கள் பதிவோடு நின்று இதை மறந்துவிடுகின்றன. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். திரௌபதி அம்மன் கோயிலில், பாரதக் கதையை நடத்தித் தீமிதியோடு முடியும் அக்னி வசந்த விழா எடுக்கும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம், படுகளத்துக்குத் துரியோதனன் மண்ணுருவம், தீமிதிக்கு விறகு என்று நாள்தோறும் செலவு இருக்கும். வரவோ விழாவுக்காக வீட்டுக்கு வீடு வாங்கும் வரி, வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் நன்கொடை, அன்னதானத்துக்கு வரும் அரிசி மூட்டை, ஏலத்தில் போன எலுமிச்சம்பழம் என்று பல வழிகளில் வரும். இவ்வளவையும் ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செலவழித்தால், அவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆகவே ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் அச்சடித்து, எந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். விழா முடிந்ததும் எழுதாத ரசீதுகள் உட்பட எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்குங்கள். பொருளாகக் கொடுத்தவர்களுக்கும் ரசீது உண்டு: ஒரு மூட்டை அரிசி, இரண்டு டின் எண்ணெய் என்று அளவைக் குறித்தால் போதும். அன்றன்றைய வசூலை அன்றிரவே மூன்று பேர் முன்னிலையில் எண்ணிக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டுத்தான் படுக்கப்போக வேண்டும்.

விழா முடிந்த பத்து நாளைக்குள் வரவு செலவை ஒரு சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கடைச் சுவரிலோ பால் சொசைட்டிச் சுவரிலோ ஒட்டுங்கள். ‘இதரச் செலவு’ என்ற ஒற்றை வரியில் பெருந்தொகையை அடக்காதீர்கள். சந்தேகம் முளைப்பது அந்த வரியில்தான். கூத்துச் சபைக்குக் கொடுத்தது, மைக் செட், பந்தல், பூ, விறகு, டீ என்று பிரித்து எழுதினால், காலையில் பால் ஊற்ற வருபவர்கள் கேனை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள். தம் வீட்டுப் பெயருக்கு நேரே தாம் கொடுத்த ஐந்நூறு ரூபாய் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். மீதம் இருந்தால் வங்கியில் போட்டதற்கான சீட்டின் நகலையும் அருகிலேயே ஒட்டுங்கள். பற்றாக்குறை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எருது விடும் விழா நடத்தும் மன்றங்களுக்குப் பொறுப்பு மிகுதி. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு செய்த திருத்தத்துக்குப் பிறகு இந்த விழா மாவட்ட ஆட்சியரின் அனுமதியோடும் விதிகளுக்கு உட்பட்டும் நடைபெறுகிறது. அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. மார்கழியிலேயே விண்ணப்பம் கொடுத்து, வருவாய்த் துறை, காவல் துறை, கால்நடைத் துறை அலுவலர்கள் ஓடுபாதையைப் பார்வையிட வரும்போது மன்றத்தார் உடன் இருக்க வேண்டும். மாடு ஓடும் வழியின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு, ஒவ்வொரு மாட்டுக்கும் மருத்துவப் பரிசோதனை, ஆம்புலன்ஸ் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. ஆனால் உயிர் போவது பெரும்பாலும் தடுப்பைத் தாண்டிப் பாதைக்குள் நிற்கும் பார்வையாளர்களுக்குத்தான். மாட்டைத் தொடுவதற்காக உள்ளே குதிக்கும் பையன்களை வெளியேற்றுவதே தொண்டர்களின் முதல் வேலை. ஓடி முடித்த மாடு நிற்குமிடத்தில் கயிற்றோடு உரிமையாளரின் ஆட்கள் காத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே அடுத்த மாட்டை விடச் சொல்லுங்கள். விழா முடிந்து வெளியூர் மாடுகள் தப்பித்துச் சாலைக்கு ஓடும் ஆபத்து இதனால் குறையும்.

வேலூருக்கு அருகில் இருக்கும் மன்றங்களுக்கு ரத்த தானம் தனிக் கடமையாகவே வந்து சேர்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்கு இங்கே உறவினர் கிடையாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் மலைக் கிராமத்து ஏழைகள். உறுப்பினர்களின் ரத்த வகை, கைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 18 முதல் 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். இடைவெளி முடியாத ஒருவரை அவசரத்தில் அனுப்பி, மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பியனுப்பும் நிலை வரவே கூடாது, ஏனென்றால் வீணாவது நோயாளியின் நேரம். ரத்தத்துக்குப் பணம் வாங்குவது 1998-லிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. பெட்ரோலுக்கு என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏரி, குளம் விஷயத்தில் ஆர்வம் மட்டும் போதாது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத் துறையையும், அதைவிடக் குறைவாக உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தையும் சேரும். அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்கினால் மண் திருட்டு வழக்கு மன்றத்தின் மீதே வரும். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலத்தை அகற்றுவதும் அடைப்பெடுப்பதும் ஐப்பசி மழைக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோதுகூட, கால்வாய் தூர்ந்திருந்த ஏரிகளுக்குத் தண்ணீர் ஏறுவது எளிதாக இருக்கவில்லை. கணியம்பாடிப் பக்கம் நாகநதிப் பகுதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டிய உறைகிணறுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நிலத்தடியில் நீரை எப்படி இறக்குகிறார்கள் என்பது நேரில் பார்த்தால்தான் விளங்கும்.

இத்தகைய கோரிக்கைகளை மன்றத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பதைவிடக் கிராம சபையில் தீர்மானமாக்குவது வலுவானது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் உறுப்பினர்கள் தவறாமல் போய் உட்கார்ந்து, தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

படிப்பகத்துக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடம் ஒன்று, இரண்டு ட்யூப்லைட், நாளிதழ், பழைய வினாத்தாள்கள் இருந்தால் குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிப்பவர்கள் தாமாக வருவார்கள். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பதால் பெயர்பெற்ற கம்மவான்பேட்டையைப் போல, ஓய்வுபெற்ற ராணுவத்தார் உங்கள் ஊரிலும் இருந்தால் காலை ஓட்டப் பயிற்சியை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

கத்திரி வெயிலில் மோர்ப் பந்தல் வைப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதித்து ஆறிய தண்ணீரா என்பதை மட்டும் பாருங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போன்ற பெருங்கூட்டத்துக்குத் தொண்டர்களை அனுப்பினால், காணாமல் போகும் குழந்தைகளுக்காக இருவரை மைக் அருகிலேயே நிறுத்துங்கள்.

கடைசியாக, பதவி மாற்றம். துணைவிதியிலேயே இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்றும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் நிர்வாகி ஆக முடியாது என்றும் எழுதிவிடுங்கள். மூத்தவர்கள் ஆலோசகர்களாக இருக்கட்டும். பொறுப்பு மாறும் நாளில் தீர்மானப் புத்தகம், வங்கிக் காசோலை, மீதி ரசீதுகள், அண்டா, பாய், மைக் ஒயர் வரை எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி, பழையவரும் புதியவரும் பொதுக்குழு முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அந்த வாரத்திலேயே இருவரும் வங்கிக்குப் போய்க் கையெழுத்து அதிகாரத்தையும் மாற்றிவிடுங்கள்.