செட்டிநாட்டு வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம், 1942-இல் செட்டியார்களின் பர்மா வணிகம் கைவிட்டுப் போகும் முன் கட்டிய வீடென்றால் சுவர் பெரும்பாலும் செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான். அதில் சிமென்ட் வைத்து ஒட்டுப்போடாதீர்கள். சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே உலர்ந்துவிடும். சிமென்ட் அதை அடைக்கும். உப்பு உள்ளுக்குள் பூத்து, பழைய செங்கல் மாவாக உதிரும். முதல் சில மழைக்காலம் சிமென்ட் கெட்டியாகத்தான் நிற்கும், வினையே அதுதான்.

பூசுமுன் கசிவை நிறுத்துங்கள். வீட்டின் நடுவே உள்ள வளவு முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சரிவுகள் சேரும் கூடுவாயில் இலைக்குப்பை அடைத்திருக்கும், தகடு துருப்பிடித்திருக்கும். முற்றத்து வடிகாலையும் பாருங்கள்.

பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள். ‘டொப்’பென்று கேட்கும் இடத்தைக் கரியால் வட்டமிட்டு, அதை மட்டும் கொத்துங்கள். செங்கல் இணைப்பை அரை அங்குலம் சுரண்டி, தூசி தட்டி, முதல் நாள் இரவே நனைத்துவிட வேண்டும். காய்ந்த செங்கல் காரையின் நீரை உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காது.

சுண்ணாம்பைப் பொடியாக வாங்காமல் கட்டியாக வாங்குங்கள். தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். சலித்து, தண்ணீருக்கடியில் 15 நாளாவது ஊறட்டும். 10 கிலோ சுண்ணாம்புக்குக் கொட்டை நீக்கி இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் தலா கால் கிலோ போதும். இரண்டையும் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த நீரில் காரையைக் குழைக்க வேண்டும். கருப்பட்டி கூடினால் காரை இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும்.

அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, உப்பில்லாத மணல் 3. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் வெடிக்கும். மேலே கீறிவிட்டு, இறுகியபின் அடுத்த பூச்சு. கடைசியாகத் துணியில் வடித்த சுண்ணாம்பு விழுதோடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து மெல்லிசாக இழுத்து, ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்தால் பளபளப்பு வரும். வெள்ளைக்கருவை அவ்வப்போது வேண்டிய அளவு மட்டும் சேருங்கள், கலந்து வைத்தால் நாறும். புதுத் திட்டு கொஞ்சம் வெளுப்பாகவே தெரியும். நிறம் ஒன்றாக வேண்டுமென்று சுவர் முழுவதையும் கொத்தச் சொல்லும் கொத்தனார் வேண்டாம்.

தை, மாசியில் செய்வது நல்லது. சித்திரை வெயிலில் பூச்சு வெடிக்கும், ஐப்பசி மழையில் காயாது. ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் மெல்ல இறுகும்; அதனால் மேலே பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது, வெள்ளையடித்தால் போதும்.