மேற்பார்வை ‘ஓவர்லுக்’ ஆகாது

ஆங்கிலத்தில் பார்வைக்கும் இணையதளத்துக்கும் ஒரே உச்சரிப்பாக வரும் ‘சைட்’ எழுத்துக்குழப்பத்தை விட்டுவிடலாம். அது படிப்பவருக்கே புரிந்துவிடும். எழுத்தும் இலக்கணமும் சரியாக இருந்து, பொருள் மட்டும் தலைகீழாகிற இடங்கள்தான் வம்பு.

ஓவர்லுக், ஓவர்சீ, ஓவர்சைட்

வேலை விண்ணப்பங்களில் ஓயாமல் வரும் வாக்கியம்: ‘ஐ ஓவர்லுக்ட் தி அக்கவுன்ட்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ எழுதியவர் சொல்ல வந்தது, மூன்று வருஷம் கணக்குகளை மேற்பார்வையிட்டேன் என்று. மேலாளர் படிப்பதோ, மூன்று வருஷம் கணக்கைக் கவனிக்காமல் விட்டேன் என்று! மேல் என்றால் ஓவர், பார் என்றால் லுக் என்று தமிழ்ச் சொல்லைப் பிய்த்து ஒட்டிய வினை இது. எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த விண்ணப்பத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மேற்பார்வையிடுவதற்கு ‘ஓவர்சீ’, இறந்தகாலம் ‘ஓவர்சா’. சாலை வேலையைப் பார்க்க வருகிறவரை ஊரில் ஓவர்சியர் என்றுதானே சொல்கிறோம்? அதை நினைவில் வைத்தால் போதும். அறை கடலைப் பார்த்தபடி இருக்கிறது என்பதற்கு ‘ஓவர்லுக்ஸ் தி சீ’ சரிதான். அங்கே பார்ப்பது அறை, ஆளல்ல.

‘ப்ளீஸ் லுக் ஓவர் தி டிராஃப்ட்’ என்றால் வரைவை ஒருமுறை படித்துப் பாருங்கள். சொல்லை முன்பின்னாக்கி ‘ஓவர்லுக்’ என்றால், வரைவைக் கண்டுகொள்ளாதீர்கள்.

‘ஓவர்சைட்’ இரட்டைநாக்குச் சொல். ‘டியூ டு ஆன் ஓவர்சைட்’ என்பது கவனப்பிசகு. ‘அண்டர் தி ஓவர்சைட் ஆஃப் தி போர்ட்’ என்பது மேற்பார்வை. ‘தி மேனேஜர்ஸ் ஓவர்சைட்’ என்று மொட்டையாக எழுதினால் இரண்டுக்கும் இடமுண்டு. சந்தேகமா, ‘சூப்பர்விஷன்’ போடுங்கள்.

வித் எ வ்யூ டு

பின்னால் ‘இம்ப்ரூவ்’ வராது, ‘இம்ப்ரூவிங்’தான். இந்த ‘டு’ முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங்’ போல. ‘வித் எ வ்யூ டு’ நோக்கம் சொல்வது. ‘இன் வ்யூ ஆஃப்’ காரணம் சொல்வது: ‘இன் வ்யூ ஆஃப் தி ரெயின்’, மழையை முன்னிட்டு. கடிதங்களில் இரண்டும் இடம்மாறிக் கிடக்கின்றன.

சீ ஐ டு ஐ

கருத்து ஒத்துப்போவது. நேரில் சந்தித்தால் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’.

டர்ன் எ பிளைன்ட் ஐ

தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவது. 1801 கோபன்ஹேகன் சண்டையில், பின்வாங்கச் சொன்ன சமிக்ஞையை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பார்வையிழந்த கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தார் என்பது கதை. ‘ஐஸ்’ என்று பன்மையாக்காதீர்கள். அவருக்குப் போனது ஒரு கண்தான்.