எத்தனை நாளாக இருக்கிறது? மனநோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எடுப்பதும்

என் மேசையில் ஸ்டெதாஸ்கோப், பிரஷர் பார்க்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. மனநல மருத்துவராக நான் அதிகம் புரட்டுவது என்னவோ மேசை நாட்காட்டியைத்தான். "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா டாக்டர்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. தெரியாது. மனச்சோர்வையோ பதற்ற நோயையோ உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை, ஸ்கேனும் இல்லை. என்ன நடக்கிறது, எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாளாக இருக்கிறது, அதனால் எந்த வேலை நின்றுபோனது என்று கேட்டு வாங்குவதுதான் எங்கள் பரிசோதனை. இதில் மூன்றாவது கேள்வியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "ரொம்ப நாளாக" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. வருவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து, எந்த மாதத்தில் தூக்கம் கெட்டது, எப்போது வேலைக்கு லீவு போட ஆரம்பித்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பாதி வேலை முடிந்தது.

இரண்டு வாரம், ஆறு மாதம், ஒரு மணி நேரம்

மனச்சோர்வுக்கு நாங்கள் பார்ப்பது இரண்டு வாரம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. வாடிய மனநிலை, எதிலும் நாட்டமின்மை, பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, அசதி, குற்ற உணர்வு, கவனம் சிதறுவது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம்.

"சோகமாக இருக்கிறீர்களா?" என்று நான் ஆரம்பிப்பதில்லை. பாதிப் பேர் "அப்படியெல்லாம் இல்லையே" என்றுவிடுவார்கள். அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன். கடைசியாக எதை ரசித்துச் செய்தீர்கள்? விடிகாலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? மூன்று, மூன்றரைக்கே விழித்து, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், காலையில் எல்லாமே மலையாகத் தெரிகிறது, சாயங்காலம் கொஞ்சம் தேவலை என்றால் என் பேனா வேகமாக ஓட ஆரம்பிக்கும். வயதானவர்கள் மனதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். உடம்பு வலி, ஞாபக மறதி என்றுதான் வருவார்கள்.

பி.எச்.கியூ-9 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. அதே ஒன்பது அறிகுறிகள்தான், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் அது வெறும் சல்லடை. மதிப்பெண்ணை வைத்து நீங்களே நோய்க்குப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

பதற்ற நோய்களின் கணக்கு வேறு. ஓயாத கவலை, தோளும் கழுத்தும் இறுகிக் கிடப்பது, எரிச்சல், தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலான நாட்களில் ஆறு மாதம் நீடித்தால் பொதுப் பதற்ற நோய். திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, "இதோ சாகப்போகிறேன்" என்ற பயம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கினால் அது பீதித் தாக்குதல். ஒருமுறை வந்தால் நோயில்லை. மறுபடி மறுபடி வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் ஒரு மாதம் ஓடிவிட்டால் நோய். நெஞ்சுவலி முதல்முறை வரும்போது மட்டும் "இது டென்ஷன்தான்" என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், முதலில் ஈசிஜி.

எண்ணச் சுழல் நோய், அதாவது ஓசிடி, சுத்தப் பைத்தியம் என்று கேலி செய்யப்படும் ஒன்று. தேவையற்ற எண்ணங்களும் அவற்றைத் தணிக்கச் செய்யும் சடங்குகளும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால் நாங்கள் அதை நோய் என்கிறோம். கை கழுவுகிறவர்கள் எளிதில் கண்ணில் படுவார்கள். கைக்குழந்தையைக் குத்திவிடுவேனோ, கடவுளைத் திட்டிவிடுவேனோ என்ற எண்ணம் வந்து நடுங்குகிறவர்கள் வருடக்கணக்கில் வாயே திறப்பதில்லை. அவர்களுக்குச் சொல்கிறேன், அந்த எண்ணம் உங்களுக்கு அருவருப்பாக இருப்பதே அது நோயின் எண்ணம் என்பதற்கு அடையாளம். தைரியமாகச் சொல்லுங்கள். இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

நாட்காட்டியை மூடிவைக்க வேண்டிய இடங்கள்

சிலவற்றில் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு பெரியவர் நேற்று வரை நன்றாக இருந்து, இன்று திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புகிறார், ஒரு சமயம் தெளிவு, ஒரு சமயம் பிதற்றல் என்றால் அது மனநோய் என்று என்னிடம் கூட்டி வராதீர்கள். கிருமித்தொற்று, உப்புச் சத்து குறைவு, மாத்திரை ஒத்துக்கொள்ளாதது என்று உடலில்தான் காரணம் இருக்கும். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்திய இரண்டு மூன்று நாளில் நடுங்கிக் குழம்பினாலும் அதே வழி, அதுவும் உயிருக்கு ஆபத்து.

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். ஆனால் தாய் தூங்கவே இல்லை, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதோ நம்புகிறார் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று ஒருவர் உறுதியாக நம்ப ஆரம்பித்தாலும் தாமதிக்க வேண்டாம். மனச்சிதைவு என்று பெயர் வைக்க டிஎஸ்எம் ஆறு மாதம் கேட்கிறது. சிகிச்சை ஆரம்பிக்க அந்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் அதைத் தூண்டிவிடுவோமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு நெஞ்சு இலேசாகிறது. படிப்படியாகக் கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? செத்துப்போனால் தேவலை என்று? அதற்கு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாயா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் விஷப் பொருட்களையும் அப்புறப்படுத்திவிட்டு அன்றே அழைத்து வாருங்கள்.

கேட்க மறந்தால் சிகிச்சையே தடம் மாறும்

மனச்சோர்வு என்று தெரிந்ததும் மருந்துச்சீட்டில் கை வைக்கக் கூடாது. முதலில் ஹீமோகுளோபின், சுகர், தைராய்டுக்கு டிஎஸ்எச், தேவைப்பட்டால் பி12. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரி இருக்கும், கூடினால் பதற்றம் மாதிரி இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை, மது, இரண்டும் உண்டா என்று கேட்பேன்.

அப்புறம் ஒரு கேள்வி இருக்கிறது. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். முப்பதை நெருங்கும் பெண், கணவரோடும் அண்ணனோடும் வந்திருந்தார். ஒன்பதில் ஏழு அறிகுறி, பல வாரங்கள். "இதற்கு நேர் எதிராக, தூக்கமே தேவைப்படாமல் ரொம்ப உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். "இவள் எப்போதும் அமைதிதான் டாக்டர்" என்றார் கணவர். கல்யாணமாகிச் சில வருடம்தான். அண்ணன் மட்டும் யோசித்தார். "காலேஜ் கடைசி வருஷத்தில் ஒரு வாரம் போல விடிய விடிய எழுதிக்கொண்டிருந்தாயே, அப்பா கார்டைத் தேய்த்துத் தேய்த்து அவ்வளவு சாமான் வாங்கினாயே?" அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நான் நல்லாத்தானே அண்ணா இருந்தேன்?"

அந்த ஒரு வாரம் சீட்டை மாற்றிவிட்டது. நான்கு நாளாவது நீடித்த மிதப்பு, கூடவே குறைந்த தூக்கம், பெருகிய பேச்சு, கட்டுமீறிய செலவு என்றால் இருமுனை நோயை நினைக்க வேண்டும். ஏழு நாளோ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கோ போனால் அது முழு மனவெறி. இவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலர் மறு முனைக்குத் தாவிவிடுவார்கள். மிதப்பில் இருப்பவருக்கு அது நோயாகத் தெரியாது. அதனால்தான் பழைய காலம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்து வாருங்கள் என்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இருமுனை நோயின் மனச்சோர்வுக்கான குவெட்டியபின் என்ற மருந்தைக் கொடுத்தோம்.

மருந்துக்கும் ஒரு காலக்கணக்கு

இலேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு சிகிச்சை போதும். கவுன்சலிங் என்றால் புத்திமதி என்று நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் தீராத கோபம். ஆரன் பெக் 1960களில் வடிவமைத்த அறிவாற்றல் சிகிச்சையில் வீட்டுப்பாடம் உண்டு, நோட்டுப் புத்தகம் உண்டு. மனச்சோர்வில் கிடப்பவரிடம் "மனசு வந்தால் செய்" என்று சொல்லவே மாட்டோம். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் நடை என்று எழுதிக்கொடுப்போம். மனசு வருவது செய்த பிறகுதான்.

நடுத்தரம், கடுமை என்றால் மாத்திரை. பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை, அதாவது செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்ஸெட்டின். செர்ட்ரலினை 25 அல்லது 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் 200 வரை ஏற்றுவோம். பீதி நோய் உள்ளவருக்குக் குறைவாக ஆரம்பிப்பது நல்லது, முதல் சில நாள் படபடப்பு கூடலாம். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு வரும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் போய்விடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். ஆக, பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது, பலன் அப்புறம்தான் வருகிறது. ஐந்தாம் நாள் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் அத்தனை பேரும் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். தாம்பத்திய ஆர்வம் குறைவது மட்டும் தானாகப் போகாமல் இருக்கலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வழியுண்டு.

பல சமயம் தூக்கமும் தெம்பும் முதலில் திரும்பும், மனம் கடைசியில்தான். தெம்பு வந்து மனம் வராத அந்த வாரங்களில் குடும்பம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 25 வயதுக்குக் கீழே இன்னும் கவனம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையிலும், தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்புகளில் அச்சிட வைத்தது.

முதல் மருந்து எல்லோருக்கும் பிடித்துவிடாது. 2006இல் முடிவுகள் வெளிவந்த ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் மருந்திலேயே முழுக்கத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சரியான டோஸில் ஆறு வாரம் கழித்தும் அசைவில்லை என்றால் மருந்தை மாற்றுவோம், இன்னொன்றைச் சேர்ப்போம். சாப்பிடாமல், பேசாமல், உயிருக்கு ஆபத்தான நிலையில் கிடப்பவருக்கு மின் அதிர்வு சிகிச்சை நாங்கள் கைவசம் வைத்திருக்கும் வேகமான வழிகளில் ஒன்று. மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம். சினிமாவில் கட்டிப்போட்டுக் கொடுப்பதைப் பார்த்துப் பயந்தவர்களிடம் இதை விளக்கவே எனக்கு அரை மணி ஆகிறது.

ஓசிடிக்கு அதே மாத்திரைகள்தான், டோஸ் அதிகம், பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கூடவே, பயப்படுவதை நெருங்கிவிட்டுச் சடங்கைச் செய்யாமல் நிற்கும் பயிற்சி. இங்கே வீட்டாருக்கும் வேலை உண்டு. "கதவைப் பூட்டினேனா?" என்று கேட்கும்போதெல்லாம் "பூட்டிட்டப்பா, பூட்டிட்ட" என்று சொல்வது நோய்க்குத் தீனி. சிகிச்சையாளரோடு பேசி, நோயாளியும் ஒப்புக்கொண்ட பிறகு, "நாம் பேசிக்கொண்டபடி இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை" என்று அன்பாகச் சொல்லிப் பழகுங்கள்.

பதற்றத்தை உடனே தணிக்கும் அல்பிரசோலம், குளோனசிபாம் மாதிரி மாத்திரைகளைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. அரை மணியில் நிம்மதி கொடுக்கும், அதுதான் வினை. இரண்டு முதல் நான்கு வாரம், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததை வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

இருமுனை நோய்க்கு லித்தியம் இன்னும் முன்னணியில் நிற்கிறது. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் அதன் பலனை எழுதினார். கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள், அளவு பொதுவாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உடல் வறண்டாலோ, மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் போட்டாலோ அளவு எகிறும். கை மோசமாக நடுங்கினால், வாந்தியோடு தள்ளாடினால், அன்றே மருத்துவமனை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட் எழுதப்பட்டிருந்தால், நீங்களாக நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் கேளுங்கள். அது கருவைப் பாதிக்கும்.

நிறுத்துவது எப்போது? முதல்முறை வந்த மனச்சோர்வுக்கு, முழுக்கத் தேறிய நாளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாதம். மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். மறுபடி மறுபடி வந்தவருக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. நிறுத்தும்போதும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்தது மாதிரி ஓர் உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். சில நாளிலேயே வந்தால் அது பெரும்பாலும் மருந்தை விட்டதால், வாரங்கள் கழித்து மெல்ல மெல்ல வந்தால் நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எனவே டோஸ் குறைத்த தேதியையும், அதன் பின் முதலில் தூக்கம் கெட்ட தேதியையும் குறித்துவைத்து, அடுத்தமுறை வரும்போது அந்தத் தாளையும் மீதி மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.